மெல்பர்னுக்குக் கொண்டுபோன நாலாவது நிபந்தனை

வெள்ளிக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு சிட்னி மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நின்றேன். 2008, ஜூலை மாதக் குளிர். புல்லின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. யோகண்ணன் தன் பழைய கொரோலாவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று இரவு தங்கப்போகும் பயணத்துக்கு இரண்டு பெரிய சூட்கேஸ்கள், ஒரு போர்வை மூட்டை, போதாததற்கு சோறு பொங்கும் மின்சாரக் குக்கர். என்னிடம் ஒரு தோள்பை மட்டும் இருந்தது.

"குக்கர் எதுக்கண்ணே?"

"சோறு தின்னாட்டி எனக்கு மூளை வேலை செய்யாது ஐசே. ஏறும், ஏறும். குளிருது."

நான் ஏறினேன், ஆனால் அந்தப் பதிலை நம்பவில்லை. ஜெயித்த பணத்தோடு மெல்பர்னிலேயே தங்கிவிடுவதற்கான ஏற்பாடு என்றே தோன்றியது. கார் எண்ணை ஏற்கெனவே என் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன்.

எதற்காகப் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். மெரிலேண்ட்ஸ் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். யோகண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, வயது முப்பத்து நாலு. வீட்டு வாடகை ஒப்பந்தம் குணா பெயரில் இருந்தது. குணா மலேசியாவின் ஈப்போவிலிருந்து மாணவனாக வந்து இப்போது கணக்காளர். மற்ற இருவரும் குணா சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். யோகண்ணன் போக்கர் என்ற சீட்டாட்டத்தை நன்றாக ஆடுவார். ஊரில் ஐந்து பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதுபோல, நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 110 டாலர் போட்டு, 550 டாலர் நுழைவுக் கட்டணத்தில் அவரை மெல்பர்ன் போட்டி ஒன்றுக்கு அனுப்பினோம். வருவதில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

இதற்கு முன்பும் இப்படி ஒருமுறை சிட்னியிலேயே ஒரு கிளப் போட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். அப்போது நான் அந்த வீட்டுக்கு வரவில்லை. யோகண்ணன் பரிசுக் கட்டத்துக்குள் போனார். போன ஐந்தாவது நிமிடமே இருந்த அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் வைத்துத் தோற்று, இருப்பதிலேயே சிறிய பரிசோடு வெளியே வந்தார். அவர் தோற்றது சிவப்புத் தொப்பி போட்ட ஒருவனிடம். வேடிக்கை பார்க்கப் போயிருந்த குணா அதைப் பிடித்துக்கொண்டார். "நாள் பூரா கஞ்சன் மாதிரி ஆடுன ஆளு, காசுக்குள்ள போனதும் தூக்கிக் குடுக்கறான்னா என்னா அர்த்தம்? அந்தத் தொப்பிக்காரன்கிட்ட தனியா பேசி வச்சிருக்கான் லா."

ஆகஸ்டில் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். இந்த முறையும் அப்படி நடந்தால் யோகண்ணன் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நாலு வருடம் இருந்த அறை. ஆனால் அறையைவிட, கள்ளன் என்ற பேச்சுத்தான் அவரை அரித்தது. போட்டியில் நடந்ததை உடனிருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் சொல்வதுதான் தீர்ப்பு.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், நான் எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இது எனக்குப் பிறவிக் குணம் இல்லை. என் அப்பா ஒரு தாளில் கைநாட்டு வைத்து, கிணற்றுக்குப் போகும் பாதையை இழந்தவர். அதற்குப் பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எங்கள் குடும்பத்தில் தாளைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஐந்து பேருக்குமான ஒப்பந்தத்தையும் நானே எழுதினேன். மொத்தம் ஆறு நிபந்தனைகள். குணா சொல்லி எழுதியது நாலாவது: 'பரிசுக் கட்டத்துக்குள் வந்தபின் ஆட்டக்காரர் துணிந்து எதையும் செய்யாமல் மிகுந்த கவனத்துடன் ஆட வேண்டும்.' யோகண்ணன் அதைப் படித்துச் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை. அதையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு கோல்பர்னைத் தாண்டினோம். சாலையோரம் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் செம்மறியாடு நிற்கிறது. அதற்குப் பிறகு கண்ணுக்கு எட்டியவரை நிஜ ஆடுகள். பெட்ரோல் லிட்டர் ஒரு டாலர் 58 சென்ட். நிரப்பிக்கொண்டிருந்தபோது யோகண்ணனுக்கு ஒரு அழைப்பு வந்தது. காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் மெதுவாகப் பேசினார். "ஓம்... ஓம்... ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு சொல்லுறன். அறை இருக்குத்தானே?" என்பது மட்டும் கேட்டது.

"யாருண்ணே?"

"தெரிஞ்ச பொடியன்."

எந்த அறை, எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. சிட்னியிலிருந்து மெல்பர்ன் ஏறத்தாழ 870 கிலோமீட்டர். அதில் அடுத்த நூற்றைம்பதை நான் அந்த அறையைப் பற்றி யோசித்தே கழித்தேன்.

ஹோல்புரூக் என்றொரு சிற்றூர். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, புல்வெளியில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பாகம் படுத்திருக்கிறது. பகல் பன்னிரண்டரைக்கு அங்கே நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தைக் கப்பல் நிழலில் வைத்துச் சாப்பிட்டோம். ஆட்டத்தைப் பற்றி அவர் பேசியது அங்கேதான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. எல்லோரும் காசுக்குப் பதிலாக ஒரே அளவு பிளாஸ்டிக் வில்லைகளோடு தொடங்குவார்கள். வில்லை தீர்ந்தவன் வீட்டுக்குப் போக வேண்டியது. ஆடாமலே உட்கார்ந்திருக்கவும் முடியாது. முறை வரும்போது கட்டாயப் பந்தயம் கட்ட வேண்டும், அது மணிக்கு மணி ஏறும். இந்தப் போட்டியில் 160 பேர். கடைசிப் பதினெட்டுப் பேருக்குத்தான் பரிசு. பத்தொன்பதாவதாகப் போகிறவனுக்கு ஒரு சல்லி கிடையாது.

"அப்ப பதினெட்டுக்குள்ள வந்துட்டா நிம்மதியா ஆடலாம், இல்லண்ணே?"

"நிம்மதியோ?" கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "அங்கதான் ஐசே எல்லாருக்கும் குணம் மாறுறது. நாளைக்கு மறுநாள் நீரே பாரும்."

குணம் மாறும் என்று அவர் வாயாலேயே சொன்னதைக் குணாவுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினேன். 'நல்லா பாத்துக்க மாரி' என்று பதில் வந்தது.

மெல்பர்னுக்குள் நுழையும்போது ஒரு சுங்கச்சாலை. காசு வாங்க ஆளே கிடையாது. மேலே கண்ணாடிக் கண்கள் வைத்த இரும்பு வளைவு மட்டும். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு நாமே கட்டிவிட வேண்டுமாம். ஆளில்லாத இடத்தில் மனிதர்கள் தாங்களாகவே கட்டுவார்கள் என்று ஒரு அரசாங்கம் நம்புவது எனக்கு வியப்பாக இருந்தது. யோகண்ணன் கட்டுகிறாரா என்று பார்த்தேன். அன்று மாலையே கட்டினார்.

கிரான்பர்னை அடைந்தபோது ஆறரை மணி. நகரத்திலிருந்து தென்கிழக்கே இன்னும் ஐம்பது கிலோமீட்டர். பாதி கட்டிய வீடுகள், நடப்பட்டு ஒரு வருடம்கூட ஆகாத மரங்கள். யோகண்ணனின் மச்சாள் வதனா அக்காவின் வீட்டில் தங்கல். கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர்தானோ காவல்காரர்?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. யோகண்ணன் சொல்லியிருக்கிறார்.

"சும்மா பகிடிக்குச் சொன்னனான் தம்பி. வாங்கோ, குசினிக்குள்ள வாங்கோ, அங்கதான் சூடு. புட்டு அவிச்சிருக்கிறன்." பிறகு அவரைப் பார்த்து, "காருக்குள்ள ஒரு வீட்டுச் சாமானே கிடக்குது. இறக்கேல்லையோ?"

"இருக்கட்டும் மச்சாள்."

"குக்கர் கூடவோ?"

"இருக்கட்டும் எண்டுறன்."

புட்டும் மீன் குழம்பும் அருமையாக இருந்தன. இறக்காத அந்தப் பெட்டிகளை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் நகரத்துக்குப் போனோம். ஒரு மணி பத்து நிமிடப் பயணம். பிளிண்டர்ஸ் தெரு நிலையத்தில் இறங்கி யாரா ஆற்றைக் கடந்தால் பதினைந்து நிமிட நடை. சூதாட்ட மாளிகையின் பெயரை எழுத வேண்டிய அவசியமில்லை. உள்ளே கடிகாரம் கிடையாது, ஜன்னலும் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பளத்தில் கால் வைத்ததுமே பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டேன்.

வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். பதினெட்டாம் இடத்திலிருந்து பதினாறு வரை 1,000 டாலர். பதினைந்திலிருந்து பதின்மூன்று வரை 1,200. பன்னிரண்டிலிருந்து பத்து வரை 1,500. ஒன்பதாம் இடம் 2,000. அங்கிருந்து ஏறி ஏறி முதல் இடத்துக்கு 21,000. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று முழுதும் நடந்தது இவ்வளவுதான்: யோகண்ணன் சீட்டை வாங்குவார், ஓரத்தை மடக்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஆடுவார். ஆடியபோதெல்லாம் நல்ல சீட்டைத்தான் காட்டினார். ஆட்களோ மேசை மேசையாகக் குறைந்துகொண்டே வந்தார்கள். பார்வையாளர்களுக்குக் கயிறு கட்டிய ஒரு ஓரம். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, நீல நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். டெரி என்ற அவர் கணவரும் உள்ளே ஆடுகிறார். அவ்வப்போது, "பிரமாதம், டெரி!" என்று ஆங்கிலத்தில் கத்துவார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாலை இடைவேளையில் யோகண்ணன் ஆற்றங்கரைப் பக்கம் போனார். பின்னாலேயே போனேன். அங்கே அவர் ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தார். தன் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் தலையில் சிவப்புத் தொப்பி.

உடனே குணாவுக்கு எழுதினேன். அரை நிமிடத்தில் பதில்: 'அவனேதான் லா.'

இரவு ரயிலில் யோகண்ணன் தூங்கினார். நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆட்டம் திரும்பத் தொடங்கியது. இருபத்தொரு பேர், மூன்று மேசைகள். சிவப்புத் தொப்பிக்காரன் யோகண்ணனின் மேசையில், நேர் எதிரே. எல்லோரையும்விட அவன் முன்னால்தான் வில்லை அதிகம். யோகண்ணனிடம் கட்டாயப் பந்தயம் ஒன்பது முறை கட்டுமளவுதான் இருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? பரீட்சை முடிவை ஒட்டப்போகும் பலகைக்கு முன்னால் நிற்கிற கூட்டம்போல இருந்தது அந்த அறை. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவன் நகத்தைக் கடித்தபடி, தன் மேசையை விட்டுவிட்டு மற்ற இரண்டு மேசைகளையே எட்டி எட்டிப் பார்த்தான். வேறு யாராவது தோற்று எழுந்து போகிறானா என்றுதான். எல்லோரும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் மட்டும் வாரி வாரி எடுத்தான்.

"பார்த்தாயா?" என்றார் பின்னல்கார அம்மா. "இப்போது யாருக்கும் ஜெயிக்க வேண்டாம். பத்தொன்பதாவது ஆளாக மட்டும் இருக்கக்கூடாது."

இரண்டு மணிக்கு ஒரு கிழவர் எழுந்து, மேலங்கியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவர்தான் பத்தொன்பது. அறை முழுக்கக் கைதட்டல். தட்டியவர்கள் அவருக்காகத் தட்டவில்லை. நகம் கடித்தவன் பீர் கொண்டுவரச் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணாலேயே நம்ப முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் ஒரு வில்லையை நகர்த்தப் பயந்தவர்கள், இருக்கிற எல்லாவற்றையும் நடுவே தள்ளத் தொடங்கினார்கள். அதற்கு "ஆல் இன்" என்று ஒரு சொல் சொல்கிறார்கள். மேசைக்கு மேசை அதே சொல். பீர் வருவதற்கு முன்பே நகம் கடித்தவன் தோற்றுவிட்டான். தோற்றவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்து டெரி. அவர் வந்து மனைவியின் கன்னத்தில் முத்தமிட்டு, "ஆயிரம் டாலர், கிளம்பு" என்றார். அந்த அம்மா நூலைச் சுருட்டினார். "இனிமேல்தான் ஆட்டம்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் எனக்கு விளக்கிச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

யோகண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து வந்த சீட்டைப் பார்த்தார். இரண்டு கையாலும் வில்லைகள் எல்லாவற்றையும் நடுவே தள்ளினார். "ஆல் இன்."

யாரும் எதிர்த்து வரவில்லை. கட்டாயப் பந்தய வில்லைகள் அவர் பக்கம் வந்தன. நாலு ஆட்டம் கழித்து மறுபடியும் அதே. இந்த முறை சிவப்புத் தொப்பிக்காரன் நெடுநேரம் அவரைப் பார்த்து, தன் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, ஏதோ சொல்லிச் சிரித்தான். யோகண்ணனும் சிரித்தார். கிளப்பில் கண்டதாகக் குணா சொன்ன காட்சி அப்படியே என் முன்னால் நடப்பதாகப் பட்டது. முதலில் அவன் கொடுப்பதுபோலக் கொடுக்கிறான், பிறகு இவர் மொத்தமாகத் திருப்பிக் கொடுக்கப்போகிறார். மேசைகள் இரண்டாகிவிட்டன. மீதி பதினைந்து பேர். சும்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் மூன்று பேர் போவார்கள், 1,500 கிடைக்கும். ஆனாலும் மூன்றாவது முறை யோகண்ணன் எல்லாவற்றையும் தள்ளினார். எல்லோரும் விலகினார்கள், தொப்பிக்காரன் மட்டும் விலகவில்லை. வில்லைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அண்ணே! நாலாவது நிபந்தனை!"

கத்தியது நான்தான் என்று கத்தி முடித்தபிறகே தெரிந்தது.

சீட்டுப் போடும் பெண் உள்ளங்கையை விரித்து ஆட்டத்தை நிறுத்தினாள். சாம்பல் நிறக் கோட்டில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆட்டக்காரன் என்னைக் காட்டி, "இவன் என் பின்னாலேயே நிற்கிறான். சீட்டைப் பார்த்து அவனுக்குச் சங்கேதம் சொல்கிறான்" என்றான். நாள் முழுதும் நான் பார்த்த பார்வையால் இப்போது பதினைந்து பேர் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தியில் என்ன சொன்னாய்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"தமிழ்" என்று திருத்தினேன். அந்த நிலைமையிலும்.

"என்ன சொன்னாய்?"

யோகண்ணன் என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனால் என்மீது விழுந்தது ஏமாற்றுக்காரன் என்ற சந்தேகம். அதை நீக்க உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. படித்த ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகவே சொன்னேன்: எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம், அதில் நாலாவது நிபந்தனைப்படி இவர் இப்போது கவனமாக ஆட வேண்டும், இவர் கவனமாக ஆடவில்லை, அதைத்தான் நினைவூட்டினேன்.

மேசை முழுவதும் சிரித்தது. மேற்பார்வையாளர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். சிவப்புத் தொப்பிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக யோகண்ணனைப் பார்த்தான்.

"கவனமாக ஆடவில்லையா?" என்றான். வில்லைகளை நடுவே தள்ளினான்.

யோகண்ணனிடம் ஜாக்கியும் ஒன்பதும். அவனிடம் ஏஸும் எட்டும். பொதுச் சீட்டு ஐந்தும் விரிந்தன. ஒன்றுகூட யோகண்ணனுக்கு உதவவில்லை. அவர் எழுந்து தொப்பிக்காரனுக்குக் கைகொடுத்தார். பதினைந்தாம் இடம். காவலாளி ஒருவர் என் முழங்கையைத் தொட்டு மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார்.

மணி இரண்டே முக்கால். ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தேன். மறுபடியும் பரிசுப் பட்டியலைப் படித்தேன். பிறகுதான் தாளைத் திருப்பினேன். பின்பக்கமும் அச்சிட்டிருந்தது. ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும். பார்வையாளர்கள் நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தைப் பற்றி ஆட்டக்காரரிடம் எந்த மொழியிலும் பேசக்கூடாது. இரண்டு நாள் என் நெஞ்சுக்கு மேலேயே இருந்த தாள். என் அப்பா அந்தத் தாளில் கைநாட்டு வைத்திருந்தாலும் இதே பலன்தான்.

யோகண்ணன் ஒரு உறையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சிகரெட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு பையைத் தடவினார். "லைட்டரை அவன் திருப்பித் தரேல்ல" என்றார்.

"எவன்?"

"அந்தத் தொப்பிக்காரன். நேத்துக் கேட்டவன், குடுத்தனான். நியூசிலாந்துக்காரனாம். குழாய் வேலை செய்யிறவன்."

"சிட்னி கிளப்புல..."

"சிவப்புத் தொப்பி போட்டவன் எல்லாம் ஒராளோ? அவன் வேற, இவன் வேற." சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "மூண்டு தரமும் நான் குப்பைதான் வச்சிருந்தனான், தெரியுமோ? ரெண்டு தரம் ஒருத்தரும் கிட்ட வரேல்ல. ஏன்? ரெண்டு நாளாக் கல்லு மாதிரி இருந்தவன் எழும்பினால் கையில ஏஸ்தான் எண்டு நினைப்பாங்கள். காசுக்குள்ள வந்தாப் பிறகு அந்த நினைப்புத்தான் ஐசே என்ர கைமுதல். சும்மா இருந்தால் கட்டாயக் காசே எங்களைத் திண்டு முடிச்சிடும். அம்பது நிமிசத்தில முடிஞ்சிருப்பன். நீர் எழும்பி, இவன் கவனமில்லாமல் ஆடுறான் எண்டு எல்லாருக்கும் இங்கிலீசில மொழிபெயர்த்துச் சொன்னீர்."

"அப்ப ஏன்ணே அந்த நிபந்தனையில கையெழுத்துப் போட்டீங்க?"

"போடாட்டி என்னை நம்பியிருப்பாங்களோ?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடும்" என்றார். அது சரி என்று சொன்னதா, விடு என்று சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கிரான்பர்னிலிருந்து கிளம்பினோம். வதனா அக்கா புட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "போட்டு வாறம்" என்றார் யோகண்ணன். பெட்டிகள் காரில் அப்படியே கிடந்தன. அல்பரியில் மரி ஆற்றைக் கடந்தோம். ஹோல்புரூக் கப்பலைப் பார்த்தோம், இம்முறை நிறுத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கையில் ஒன்று வந்து சேர்ந்தால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பதுதான் கவனம். என் அப்பாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொலைத்துவிடாமல் இருப்பதே என் முழுநேர வேலையாக இருக்கிறது. யோகண்ணன் போன்றவர்கள் கைக்கு ஒன்று வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். வந்தபிறகு விரலைத் தளர்த்துகிறார்கள். எட்ட நின்று பார்ப்பவனுக்கு அது திருட்டுப்போலத் தெரிகிறது. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். கண்டகாய் என்ற ஊரைத் தாண்டியும் சொல்லவில்லை.

மெரிலேண்ட்ஸை அடைந்தபோது மாலை ஐந்தே கால். குணாவும் மற்ற இருவரும் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். யோகண்ணன் உறையை மேசையில் வைத்தார். ஆளுக்கு 240. குணா அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

"சொல்லு மாரி. காசுக்குள்ள வந்ததும் தூக்கிப் போட்டானா?"

"இல்ல. அவர் ஒழுங்காத்தான் ஆடினாரு. கெடுத்தது நான். நான் கத்துனதாலதான் தோத்தாரு." எல்லாவற்றையும் சொன்னேன். தாளின் பின்பக்கத்தையும் காட்டினேன். தொப்பிக்காரன் வேறு ஆள் என்றேன்.

குணா கடைசிவரை கேட்டார். தாளை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

யோகண்ணன் தன் சாவியை உறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். அறைக்குள் அவர் போகக்கூட இல்லை. அப்போதுதான் நான் எட்டிப் பார்த்தேன். கட்டில் மேல் விரிப்பு இல்லை. அலமாரி காலி. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் அறையைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். ஜெயித்தாலும் தோற்றாலும் தீர்ப்பு இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கோல்பர்னில் தொலைபேசியில் கேட்ட அறையும் இதற்குத்தான். மெல்பர்னிலேயே நின்றிருக்கலாம். உறையைக் கையில் கொடுப்பதற்காக 900 கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறார்.

என் தோள்பை இன்னும் தோளில்தான் இருந்தது. உள்ளே போய்ப் புத்தகங்களையும் சான்றிதழ் கோப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் தட்டினேன்.

"அண்ணே, நில்லுங்க. நானும் வர்றேன்."

யோகண்ணன் கண்ணாடியை இறக்கி என்னையும் கோப்பையும் பார்த்தார்.

"ஏன்? அவங்கள் அனுப்பினவங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. இல்லை என்று சொன்னேன். அதை நிரூபிக்க என்னிடம் ஒரு தாளும் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. கடைசியில் அவர் கை நீட்டி முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். நான் இறங்கிய இருக்கையில் இப்போது குக்கர் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.